புடலம் பந்தலின் வெளியுறவுத் துறை

எங்கள் புரட்சி ஒரு மீற்றர் இருபத்தைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் தொடங்கியது. அதற்கு மேலே எந்தக் கொடியும் ஏறக்கூடாது என்று ஹெர் பிறுக்னர் கடிதம் எழுதியிருந்தார்.

ஹெர் பிறுக்னர் ‘மோர்கன்தாவ்’ தோட்டச் சங்கத்தின் புதிய தலைவர். பிராங்பேர்ட்டுக்கு வெளியே, எஸ்-பான் ரயில் ஓடும் தண்டவாளத்தின் ஓரத்தில், நகரசபை நிலம் ஒன்று சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சங்கத்தில் சேர்ந்தால் ஒரு துண்டு குத்தகைக்குக் கிடைக்கும். ஒரு மரக் குடில், ஒரு பாய் அளவு புல்தரை, மிச்சமெல்லாம் மரக்கறி. ரயில் சத்தத்துக்குப் பயந்து தண்டவாளத்தோடு ஒட்டிய கடைசி வரிசையை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அந்த எட்டுத் துண்டும் எங்களுக்கு வந்தன. ஏழு யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், ஒரு மதுரைக் குடும்பம். மற்றவர்கள் எங்களைக் கீழ் வரிசை என்பார்கள்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. உயரமான பந்தல்களை ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் குத்தகை போய்விடும். மூன்றாவதாக, பதினெட்டாம் இலக்கத் தோட்டத்தில் ‘கல் கட்டிய பாம்பு போன்ற பொருட்கள்’ தொங்குவதாக முறைப்பாடு வந்திருக்கிறது, அதற்கு விளக்கம் தர வேண்டும்.

பதினெட்டாம் இலக்கம் யோகம் மாமியுடையது. பாம்பு போன்ற பொருள் புடலங்காய். பிஞ்சிலே நுனியில் ஒரு கல்லைக் கட்டிவிடாவிட்டால் புடலங்காய் சுருண்டு கொம்பு மாதிரி வளரும். கட்டினால் நேராக இறங்கும். இதை ஜெர்மன் மொழியில் விளக்கி எழுத வேண்டும் என்று நினைத்தபோதே எல்லோருக்கும் களைத்துப்போனது.

யோகம் மாமி விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை செய்பவ. மிச்ச நேரமெல்லாம் பந்தலுக்குக் கீழேதான். பதினொரு கோடையாக, குளிரில் சாகாமல் காய்த்த கொடியில் மட்டும் விதை எடுத்து, அதிலும் முந்திக் காய்த்ததில் எடுத்து, கடைசியில் இந்த ஊர் வெயிலுக்கே ஜூலையில் காய்க்கிற ஒரு புடலையை உண்டாக்கி வைத்திருந்தா. இந்த வருடம் பெருமையில் விதை முழுவதையும் எட்டுத் துண்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டா. மற்ற ஏழிலும் முளைத்ததை நத்தை தின்றது. மாமியின் பந்தலில் விதைக்கென்று விட்ட இரண்டு காயில் ஒன்றை ஜூலை மாத ஆலங்கட்டி மழை அடித்து விழுத்தியது. மிஞ்சியது ஒன்று. தெரியாமல் யாரும் கறிக்குப் பிடுங்கிவிடக் கூடாது என்று அதன் காம்பில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தா. அது பழுத்துச் சிவக்க அக்டோபர் ஆகும். ஆகஸ்டில் பந்தலைக் கழற்றினால் மாமியின் புடலை அதோடு முடிந்தது.

நான் அந்தக் கோடை முழுவதும் மாமியோடு இருந்தேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுத்துப் பரீட்சையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே வகுப்பில் கை உயர்த்திக் கதைப்பதற்கும் பாதிப் புள்ளி உண்டு. என் கை ஒருநாளும் உயரவில்லை. புடலங்கொடி என்னைக் கேள்வி கேட்பதில்லை. அது வசதியாக இருந்தது.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கீழ் வரிசை முழுவதும் பந்தலுக்குக் கீழே கூடியது. தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்க வேண்டும், எங்கே பார்த்தாலும் கல். சிவகுருநாதன் மாமாதான் கதைத்தார். அவர் பொதி அனுப்பும் கொம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். எந்தக் கூட்டத்திலும் செயலாளர். வெள்ளைச் சேட்டு இல்லாமல் தோட்டத்துக்குக்கூட வரமாட்டார்.

“இனி இவையளோட இருக்க ஏலாது,” என்றார். “நாங்கள் பிரிஞ்சு போறம். இது ஒரு புரட்சி!” என்று கையை வீசி நிமிர்ந்தார். நெற்றியில் கல் டொக்கென்று பட்டது. அரை நிமிடம் புரட்சி நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றது.

“சார், ரெவல்யூஷன்னு மட்டும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க,” என்றார் ஸ்ரீநிவாஸ். அவர்தான் மதுரைக் குடும்பம். வங்கி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவர். “எனக்கு அடுத்த மாசம் விசா ரினியூவல் இருக்கு.”

“சரி தம்பி, ‘மாற்றம்’ எண்டு போடுறன்.”

“அதுவும் கொஞ்சம் டேஞ்சர்தான்.”

சிவகுரு மாமா ஏற்கெனவே நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருந்தார். பக்கத்துச் சங்கம் ஒன்று தன் கூட்டத்தில் வாக்கெடுத்து எங்கள் வரிசையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால், நாங்கள் சங்கம் மாற அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம். பக்கத்துச் சங்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பழைய ரயில்வே ஊழியர்களின் ‘கிளைஸ் நொயின்’, ஒன்பதாம் தண்டவாளம் என்று பெயர்.

“வெளிநாட்டு ஆதரவு,” என்றார் சிவகுரு மாமா மெதுவாக, நெற்றியில் கையை வைத்தபடி. “அது இல்லாமல் உலகத்தில ஒரு புரட்சியும் வெண்டதில்லை. தூது போகவேணும்.”

புதன்கிழமை மூன்று மணிக்கு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைத்தது. தூதுக்குழுவில் மூன்று பேர். தலைமைக்குச் சிவகுரு மாமா. பந்தலின் சொந்தக்காரி என்பதால் யோகம் மாமி. ஆங்கிலம் தேவைப்பட்டால் என்று ஸ்ரீநிவாஸ். புறப்படும்போது வாசல் படலையடியில் சிவகுரு மாமா திடீரென்று நின்றார்.

“மூண்டு பேர்,” என்றார்.

“ஐயோ,” என்றா மாமி.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் கையில் ஒரு கல்லைக் கொண்டுபோக வேண்டும், அது நாலாவது ஆள். மாமா கல்லுக்குப் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

“உதில கை வைக்காதேங்கோ அண்ணை, காய் சுருண்டுபோம்,” என்றா மாமி. பிறகு தண்ணீர் வாளியோடு நின்ற என்னைப் பார்த்தா. “ஆதிரை வரட்டும். கல்லும் கதையாது, இவளும் கதையாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. கல்லாகப் போவது சுலபமான வேலை.

தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதைத் தாண்டினால் கிளைஸ் நொயின். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. அங்கேயும் அதே தக்காளி, அதே ரயில் சத்தம். ஆனால் தோட்டக் குடில்களுக்கு ரயில் நிலையம் மாதிரிப் பெயர்ப்பலகை. சங்கக் குடிலின் வாசலில் ஒரு பெரிய நிலையக் கடிகாரம். அதற்குக் கீழே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலைவி ஃபிறவ் வாக்கர்நாகெல் நின்றா. எழுபத்தெட்டு வயது. முப்பத்துநாலு வருடம் சிக்னல் அறையில் நெம்புகோல் இழுத்தவ. தோள் இப்போதும் அப்படித்தான் இருந்தது.

“பன்னிரண்டு நிமிடம் தாமதம்,” என்றா.

சிவகுரு மாமா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். ஸ்ரீநிவாஸுக்கு ஒரு மீட்டிங் முடியவில்லை என்று மூன்று மொழியில் சொன்னார்.

“எதற்கு மன்னிப்பு? ரயில்காரருக்கு இது நேரத்துக்கு வந்ததுதான். உள்ளே வாருங்கள்.”

மேசையில் பிளம்ஸ் கேக் இருந்தது. மாமி கொண்டுவந்த கடலை வடை, ஐஸ்கிரீம் டப்பாவோடு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். ஆட்களைப் பார்க்கக் கூச்சப்படுகிறவர்கள் சுவரில் இருப்பதையெல்லாம் வாசித்துவிடுவார்கள். ஒரு பழைய நேர அட்டவணை. 1974இல் மோர்கன்தாவும் கிளைஸ் நொயினும் செய்த ஒப்பந்தம், கண்ணாடிச் சட்டத்துக்குள். அதற்குக் கீழே ஒரு வெறும் ஆணி. ஆணியைச் சுற்றி, மணி வடிவத்தில், சுவர் வெளுக்காமல் இருந்தது.

சிவகுரு மாமா கோரிக்கையைச் சொல்லத் தயாரானார். ஆனால் நாற்காலியில் நெளிந்தார். நெளிந்து நெளிந்து, கடைசியில் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்ணை!” என்றா மாமி பல்லுக்குள்ளே. “உது ஏன்? ஆதிரை வந்திருக்கிறாளெல்லோ?”

“சின்னப்பிள்ளை, முழு ஆளா எண்ணலாமோ எண்டு ஒரு யோசினை வந்திட்டுது. ஒரு பாதுகாப்புக்கு.”

“அப்ப இப்ப அஞ்சு பேர்!”

“அஞ்சு நல்லதுதானே.”

ஃபிறவ் வாக்கர்நாகெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லை எடுத்தா. வெளிச்சத்தில் திருப்பினா. முகர்ந்தும் பார்த்தா.

“பசால்ட்,” என்றா. “தண்டவாளச் சல்லி. எங்கள் தண்டவாளத்துடையது.”

ஒரு ரயில் போனது. கோப்பைகள் தட்டில் கிலுகிலுத்தன. அரச சொத்து என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை, ஆனால் சிவகுரு மாமாவின் முகத்தில் எழுதியிருந்தது.

“டெக்னிக்கலி, மேடம்,” என்றார் ஸ்ரீநிவாஸ் ஆங்கிலத்தில், “அது வேலிக்கு வெளியே கிடந்தது.”

“இதை ஏன் என் மேசையில் வைத்தார்?”

மாமாவின் ஜெர்மன் பொதிகளுக்குப் போதும், சகுனத்துக்குப் போதாது. யோகம் மாமிதான் எழும்பினா. சமையலறையில் பழகிய ஜெர்மன், கையும் காலும் சேர்த்து. மூன்று விரலைக் காட்டினா. “ட்றை லொயிட்ட, நிக்ஸ் கூட்!” மூன்று ஆள் சரியில்லை. முகத்தை ஒப்பாரி மாதிரி வைத்துக் காட்டினா. கல்லைத் தூக்கினா. “ஷ்டைன். ஃபியர். கூட்!” கல்லோடு நாலு, நல்லது. அதோடு நிற்கவில்லை. தன் சால்வையை மேலே பிடித்து, நுனியில் கல்லைத் தொங்கவிட்டு, புடலங்காய் எப்படி வளரும் என்று முழங்காலை மடக்கி மடக்கிக் காட்டினா. கல் இல்லாவிட்டால் எப்படிச் சுருளும் என்று தானே சுருண்டும் காட்டினா. அந்தக் குடிலுக்குள் மாமி ஒரு புடலங்காயாக இரண்டு நிமிடம் வாழ்ந்தா.

ஃபிறவ் வாக்கர்நாகெல் முதலில் மூக்கால் சிரித்தா. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தா.

“முப்பத்துநாலு வருடம்,” என்றா, “இந்தக் கல் ரயிலைத்தான் தாங்குகிறது என்று நினைத்திருந்தேன்.” பிறகு சட்டென்று நிறுத்தினா. “எவ்வளவு நீளம்?”

“என்ன?”

“அந்தக் காய். எவ்வளவு நீளம்?”

சிவகுரு மாமாவுக்குத் தெரிந்த கேள்வி. இரண்டு கையையும் விரித்தார், போதவில்லை, ஸ்ரீநிவாஸின் தோளையும் சேர்த்துக்கொண்டார். “ஒன்று அறுபது. வெள்ளைத் துணி கட்டினது. இன்னும் வளருது.”

ஃபிறவ் வாக்கர்நாகெல் எழும்பிப் போய் அந்த வெறும் ஆணியில் கையை வைத்தா. கதை இதுதான். ஒவ்வொரு ஆகஸ்டும் கடைசிச் சனிக்கிழமை இரண்டு சங்கத்துக்கும் போட்டி: யாருடைய மரக்கறி நீளம்? பரிசு ஒரு பித்தளை நிலைய மணி. அது கிளைஸ் நொயினின் சொந்த மணி, பழைய ஒன்பதாம் மேடையில் தொங்கியது. ஒன்பது வருடமாக அது மோர்கன்தாவில் இருக்கிறது, ஹெர் பிறுக்னரின் வெள்ளரிக்காய்களால். அவர் அதைத் தன் குடிலில் மாட்டி, பியர் குடிக்கும்போதெல்லாம் அடிக்கிறார். தண்டவாளத்தைத் தாண்டி இங்கே கேட்கும்.

“சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்தக் காய் எங்கள் பெயரில் மேசையில் கிடக்கட்டும்,” என்றா. “அடுத்த நாளே கூட்டம் கூட்டி உங்கள் எட்டுத் துண்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம்.”

“நத்யூர்லிஷ்!” என்றார் சிவகுரு மாமா. நிச்சயமாக! எழும்பி நின்று கை கொடுத்தார்.

யோகம் மாமி வடை டப்பாவை மூடிக்கொண்டிருந்தா. மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினா.

சுரங்கப்பாதைக்குள் வந்ததும் சண்டை வந்தது. அங்கே எல்லாம் இரண்டு தடவை கேட்கும்.

“அண்ணை, அது விதைக்காய்.”

“தெரியும் தங்கச்சி. ஆனா யோசிச்சுப் பார், எட்டுத் துண்டு. ஒரு காய்.”

“அந்த ஒரு காய்க்காகத்தானே எட்டுத் துண்டும் எழும்பினது!”

“வேற காய் இல்லையோ?”

“மிச்சமெல்லாம் இப்பிடித்தான்,” என்று மாமி முழங்கையைத் தொட்டுக் காட்டினா. “இப்ப வெட்டினா உள்ளுக்க பால் விதை. அவிச்சுத் தின்னலாம், முளைக்காது.”

“அக்கா, ஆன்லைன்ல ஸீட்ஸ் வாங்கலாமே,” என்றார் ஸ்ரீநிவாஸ்.

மாமி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. சுவரில் வாசித்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், சுரங்கப்பாதை அதைத் திரும்பவும் சொல்லும். வெளிச்சம் வரட்டும் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்தது. அதற்குள் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். நானும் என்னுடையதை விழுங்கினேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போக முன்னம் மாமி தோட்டத்துக்கு வந்தா. குடிலுக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து, தண்ணீர்த் தொட்டியின் சிமெந்து விளிம்பில் தீட்டத் தொடங்கினா.

“இண்டைக்கே வெட்டப்போறீங்களோ மாமி?”

“இல்லைப் பிள்ளை. சனி காலமை. இப்பவே தீட்டி வைச்சா மனசு பழகிடும்.” கத்தியைத் தீட்டிக்கொண்டே வெள்ளைத் துணியைப் பார்த்தா. “எட்டுக் குடும்பம். நான் ஒருத்தி குறுக்க நிண்டா சரியில்லை.”

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். படலை, சுரங்கப்பாதை, பெயர்ப்பலகைகள், எல்லாம் ஒரு மூச்சில். இந்த முறை மூன்றுமில்லை, நாலுமில்லை, ஒரே ஆள். அதற்கு என்ன பரிகாரம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. நிலையக் கடிகாரத்தில் ஏழு நாற்பத்தொன்று. ஃபிறவ் வாக்கர்நாகெல் இரவு உடுப்புக்கு மேலே மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா.

“கல்,” என்றா என்னைக் கண்டதும். “நீதானே மூலையில் கல் மாதிரி இருந்த நாலாவது ஆள்?”

“மூன்றாவது பந்தி,” என்றேன். மூச்சு வாங்கியது. “உங்கள் சுவரில் இருக்கிற ஒப்பந்தம். மூன்றாவது பந்தியில் வெட்ட வேண்டும் என்று இல்லை. மேசையில் வைக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு தலைவர்களுக்கும் முன்னால் அளக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. எங்கே என்று எழுதவில்லை.”

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் சொன்ன மிக நீளமான ஜெர்மன் அதுதான். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கத்திரிக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார்.

ஃபிறவ் வாக்கர்நாகெல் குழாயை மூடவில்லை. அது புல்லில் பாம்பாக நெளிய நெளிய உள்ளே போனா. மழைக்கோட்டின் கையால் கண்ணாடியைத் துடைத்தா. உதடு அசைய வாசித்தா.

“தலைவர்கள் முன்னிலையில்... அளக்கப்படும்...” திரும்பினா. “ஐம்பது வருடமாக எல்லோரும் வெட்டிக்கொண்டு போகிறோம்! ஏன்?”

“அதற்குக் கீழேயும் ஒன்று இருக்கிறது,” என்றேன். நிறுத்த முடியவில்லை, குழாய் மாதிரித்தான் நானும். “காய் வளர்கிற நிலம், போட்டியிடும் சங்கத்தின் கூட்டம் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட நிலமாக இருக்க வேண்டும்.”

அவ அந்தப் பந்தியையும் வாசித்தா. பிறகு அந்தத் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின.

“அப்படியென்றால் சனிக்கு அடுத்த நாள் இல்லை. சனிக்கு முன்னமே உங்களை நாங்கள் எடுத்துக்கொண்டாக வேண்டும்!”

“ஆம்,” என்றேன்.

“எந்தப் பள்ளிக்கூடம் நீ?”

“ஒன்றுமில்லை.”

“ம்,” என்றா, அதைப் பற்றி மேலும் கேட்கவில்லை. “கேக் மிச்சம் இருக்கிறது. சாப்பிடு. நான் அறிவித்தல் எழுத வேண்டும்.”

அவர்களுடைய விதிப்படி அவசரக் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னறிவித்தல் போதும். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கூட்டம் நடந்தது. நாங்கள் நாலு பேரும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். கல் கொண்டுவரவில்லை, மாமி சிவகுரு மாமாவின் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டா. கீழ் வரிசையை ஏற்றுக்கொள்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றா ஃபிறவ் வாக்கர்நாகெல். எண்ணினா. திரும்ப எண்ணினா.

“இருபத்தொரு உறுப்பினர் வந்திருக்கிறோம். இருபத்திரண்டு கை இருக்கிறது.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உயர்ந்திருந்த இருபத்திரண்டாவது கை என்னுடையது. எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது.

“விருந்தினர் கையைக் கீழே போடலாம்,” என்றா அவ. “ஆனால் அவசரமில்லை.”

அன்றிரவே சிவகுரு மாமா அந்த முடிவை இணைத்து நகரசபைக்கு அன்ட்ராக்கை அனுப்பினார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. போட்டி மேசை மோர்கன்தாவின் புல்தரையில். ஹெர் பிறுக்னர் தன் வெள்ளரிக்காயைப் பச்சை வெல்வெட் துணியில் கிடத்தியிருந்தார். ஒரு மீற்றர் நாலு சென்ரிமீற்றர். அழகான காய்தான், அதை மறுக்கக்கூடாது. பக்கத்தில் மணி மினுங்கியது.

“உங்களுடையது எங்கே, ஹில்டெ?” என்று ஃபிறவ் வாக்கர்நாகெலை முதற்பெயர் சொல்லிக் கேட்டார்.

“வர முடியாதாம். உன்னை வரச் சொல்லியிருக்கிறது.”

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? ஃபிறவ் வாக்கர்நாகெல் முன்னால் நடந்தா. அவவுக்குப் பின்னால் கிளைஸ் நொயின்காரர், அவர்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க மோர்கன்தாவ்காரர், பியர்க் கோப்பையோடு, பிள்ளைகளோடு, இரண்டு நாயோடு, எண்பது பேர் தக்காளிப் பாத்திகளுக்கு நடுவே வரிசையாக. வெள்ளரிக்காயை விட்டுவர மனமில்லாமல் ஹெர் பிறுக்னர் அதைக் குழந்தை மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இது என் சங்கத்து நிலம்!” என்றார் பந்தலைக் கண்டதும். “நகரசபை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை!”

“நகரசபைக்கு அது சொல்லும்போது சொல்லட்டும். 1974 ஒப்பந்தம் சங்கக் கூட்டத்தைத்தான் கேட்கிறது.” ஃபிறவ் வாக்கர்நாகெல் கண்ணாடிச் சட்டத்தோடு அதைக் கொண்டுவந்திருந்தா. “கீழே பார், உன் அப்பாவின் கையெழுத்து.”

ஹெர் பிறுக்னர் வாசித்தார். ஒப்பந்தத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு, அவருடைய நல்ல குணம் இதுதான், விதி என்றால் விதி. வெள்ளரிக்காயை மனைவியிடம் கொடுத்துவிட்டு அளவுநாடாவோடு ஏணியில் ஏறினார்.

“மெதுவா! மெதுவா!” யோகம் மாமி கீழே நின்று அந்தரப்பட்டா. “காம்பில முட்டாதேங்கோ! ஆதிரை, சொல்லு பிள்ளை, காம்பில முட்ட வேண்டாமெண்டு!”

“காம்பில் முட்ட வேண்டாம்!” என்று எண்பது பேருக்கு முன்னால் கத்தினேன்.

ஹெர் பிறுக்னர் திடுக்கிட்டுத் திரும்பினார். கல் ஒன்று ஆடிவந்து அவருடைய நெற்றியில் டொக்கென்றது. சரியாக, சிவகுரு மாமாவுக்குப் பட்ட அதே இடம்.

“எங்கட ஆளாயிட்டார்,” என்றார் மாமா.

ஒரு மீற்றர் அறுபத்துமூன்று. கல்லைச் சேர்க்காமல். ஹெர் பிறுக்னர் தானே வாசித்தார். பிறகு கிளைஸ் நொயின்காரர்கள் தொப்பிகளை எறிந்தார்கள். ஒரு தொப்பி பந்தலில் மாட்டிக்கொண்டது. யாரோ மணியை எடுத்துவந்து அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து எஸ்-பான் போனது. ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். ஸ்ரீநிவாஸ் வீடியோ எடுத்துக்கொண்டே குதித்ததில், வீடியோவில் வானமும் அவருடைய சப்பாத்தும்தான் இருக்கின்றன.

மாமி மட்டும் குதிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு, காயை ஒருவரும் தொடாமல், எல்லோரும் போகும்வரை அங்கேயே நின்றா.

ஆனால் கெடு தேதி ஞாயிற்றுக்கிழமை. மணியை வென்றதால் பந்தல் தப்பாது. அன்று நாள் முழுவதும் மாமி பந்தலடியில் நாற்காலி போட்டு இருந்தா, யாரும் வரவில்லை. திங்கள் காலை, வேலைக்குப் போகிற வழியில், சிவகுரு மாமா வெள்ளைச் சேட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் கைபேசி.

“நகரசபை! நகரசபை! ஆதிரை, நீ வாசி!”

வாசித்தேன். விண்ணப்பம் கிடைத்தது. முடிவு எடுக்கப்படும்வரை சம்பந்தப்பட்ட தோட்டங்களில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. எதையும் கழற்றவும் கூடாது. ஆட்பற்றாக்குறை காரணமாக, முடிவெடுக்க ஏறத்தாழப் பதினான்கு மாதங்கள் ஆகும். பொறுத்தருள்க.

“பதினாலு மாசமோ?” என்றா மாமி.

“பதினாலு மாசம்!”

“ஒரு பந்தலுக்கோ?”

“ஒரு பந்தலுக்கு!”

மாமி நாற்காலியில் இருந்து எழும்பி, சிவகுரு மாமாவின் இரண்டு கையையும் பிடித்து, பாத்திகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினா. நான் செய்தியைக் குழுவில் போட்டேன். ஸ்ரீநிவாஸ் உடனே குரல் செய்தி அனுப்பினார். “லைஃப்ல ஃபர்ஸ்ட் டைம், லேட் ஆகும்னு ஒரு ஆபீஸ் சொல்லி நான் ஹேப்பியா இருக்கேன்!”

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு காய் செம்மஞ்சளாகி, நுனியில் வெடித்தது. உள்ளே குங்குமம் மாதிரிச் சிவப்பு. அதற்குள் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றும் ஓரம் நெளிந்து. மாமி அந்தக் கத்தியை எடுத்து, இந்த முறை தீட்டாமலே, காம்பை வெட்டினா. விதைகளை ஒரு தட்டில் பரப்பிச் சாம்பல் தூவினோம். ஒரு பங்கை மாமி தனியாக ஒதுக்கி வைத்தா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக்கு.

அதை வாங்க ஃபிறவ் வாக்கர்நாகெல் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தா. சிவகுரு மாமா படலையில் நின்று வரவேற்பதற்காக ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டார். மூன்றே காலுக்குச் சுரங்கப்பாதையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவவும், சங்கத்தின் பொருளாளரும், கத்திரிக்கோல்காரரும்.

“மூண்டு பேர்,” என்றார் மாமா கவலையாக.

அவ நடுவழியில் நின்றா. மற்ற இருவரையும் பார்த்தா, தன்னையும் சேர்த்து விரலால் எண்ணினா. ஏதோ சொல்லிவிட்டுத் தண்டவாளத்தின் வேலியடிக்குப் போய்க் குனிந்தா. நிமிர்ந்தபோது கையில் ஒரு கல்.

“வாங்கோ, வாங்கோ!” மாமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினா. “ஆதிரை, நாலு கதிரை போடு!”

நான் நாலு நாற்காலி போட்டேன். நாலாவதில் கல்லை வைத்தோம்.